நைனாவின் முகத்தை உடைக்கமாட்டேன்

என் மீசைக்கார நைனாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன் திதிக்குப் பெரியப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். என் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உன் முக அச்சை உடைத்து ஐயங்குளத்தில் போட்டுவிட வேண்டுமாம்.

"செத்தவன் மூஞ்சிய வச்சிக்கினு யாவாரம் பண்றியே, குடும்பத்துக்கு ஆவுமா?"

"நைனா உயிரோட இருக்கசொல்ல உட்காந்து குடுத்த மூஞ்சி பெரியப்பா. நான் திருடல" என்றேன்.

உனக்கு நினைவிருக்கும். தெருக்கூத்து ஜமாக்களுக்கு அரிதாரமும் டோப்பா முடியும் விற்றுக்கொண்டிருந்த நான், சினிமாவுக்குக் காயமும் கிழட்டுத் தோலும் செய்யப் பழகிய நாட்கள். அச்செடுக்க முகம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. நீதான் ஆட்டோவை நிழலில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். மூக்குத் துவாரம் மட்டும் விட்டு, பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பசையை முகம் முழுக்க அப்பினேன். மீசைக்கு வாசலின் தடவ மறந்துவிட்டேன். பசையை உரித்தபோது பாதி மீசை அதோடு வந்தது. மீதியை நீயே வழித்துக்கொண்டாய்.

மறுநாள் அடி அண்ணாமலையிலிருந்து பெரியப்பா ஓடிவந்தார். "நான் இன்னும் சாவலடா. அதுக்குள்ள மீசைய எடுத்துட்டியா?"

நீ அசரவில்லை. "உனக்கு அட்வான்ஸா எடுத்துட்டேன், விடுண்ணா."

நீ முந்திக்கொள்வாய் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்போது சேதி கேள். கிரிவலப் பாதைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடக்கிறது. வாலிப நடிகர் ஒருவர் கிழவராக வேண்டும். "சென்னையில இருந்து ஆளக் கூட்டிட்டு வந்துக்கறோம்மா" என்றார் மேனேஜர். நான் வாதாடவில்லை. உன் நெற்றிக் கோடுகளைச் சிலிகானில் எடுத்துப்போய் அவர் மேஜைமேல் வைத்தேன். தொட்டுப் பார்த்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வேலை எனக்குத்தான்.

வேண்டுமென்றே பெரியப்பாவை அங்கே வரவழைத்தேன். எதை உடைக்கச் சொல்கிறோம் என்று பார்க்கட்டுமே. வேனிலிருந்து நடிகர் இறங்கினார். உன் நெற்றி, உன் கண்ணோரச் சுருக்கம், கன்னத்தில் உன் பள்ளம். பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் என்மேல் சீறினார்.

"மீசை எங்கடி? எந்தம்பி மூஞ்சிக்கு மீசைய வையி."

கதையில் அந்தக் கிழவருக்கு மீசையே கிடையாது. டைரக்டரிடம் போய் நின்றேன். நகரவில்லை, ஒட்டவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அதற்காகப் பெரியப்பா மாறிவிட்டார் என்று நினைக்காதே. நேற்றும் போன் செய்து, ஊர் என்ன பேசும் என்றார். பேசட்டும். திதிக்கு எள்ளும் தண்ணீரும் விடுவோம். அச்சு சுவரில்தான் இருக்கும். உன்னை ஒருமுறை எரித்தது போதாதா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்தில் பிணமாகக் காட்ட வேண்டும் என்று எவன் வந்து கேட்டாலும் உன் முகத்தைத் தரமாட்டேன். நடந்து, பேசி, சண்டை போடுகிற ஆளுக்குத்தான் அது போகும். அதுவும் மீசையோடு.

உன் மீசையைப் பிடுங்கிய மகள்,
செல்வி