பாட்டில் கழுவும் அறை

ஜூன் 6

அன்பு மருமகளுக்கு, இல்லையில்லை, வருங்கால மாட்டு டாக்டரம்மாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். உன் அம்மா என்னை எலிகளுக்கு வேலைக்காரன் என்று சொல்லிச் சிரித்தாளாமே. அக்காவுக்கு என்ன தெரியும்? இந்தப் பல்கலைக்கழக விலங்குக் கூடத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கூண்டு திறக்காது. பேராசிரியரே முகமூடி, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று என் உத்தரவு வாங்கித்தான் உள்ளே வருவார். நான் கூண்டில் மரத்தூள் பரப்பும் அழகைப் பார்த்து ஒரு விஞ்ஞானி சாப்பிடவே மறந்துபோனார். எனக்குக் கீழே பத்துப் பேர் என்று வைத்துக்கொள்.

இங்கே ஆண் சுண்டெலிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சிலது மூலையில் சுருண்டு கிடக்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது. உன் புத்தகத்தில் இதற்கு என்ன போட்டிருக்கிறது? எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. உனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

உன் தாய்மாமன்,
தலைமைப் பொறுப்பாளர்

ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

பரீட்சை நடக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சுண்டெலி கூட்டமாக வாழும் பிராணி, தனியாக அடைத்தால் வாடிவிடும். துணை வேண்டும், கூடு கட்டக் கொஞ்சம் காகிதம் வேண்டும்.

ஜூலை 20 அன்று எங்கள் வகுப்பே உங்கள் கூடத்தைப் பார்க்க வருகிறது. பொறுப்பாளர் என் மாமா என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 29

டாக்டரம்மாவுக்கு,

நீ எழுதியது நான் நினைத்ததேதான். உன் கடிதம் வந்த சனிக்கிழமையே எல்லாவற்றுக்கும் ஜோடி சேர்த்துவிட்டேன். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. வகுப்பை அழைத்துக்கொண்டு வா, மாமா நடத்துகிற ராஜ்யத்தைப் பார்க்கட்டும்.

மற்றபடி ஒரு சின்னச் சேதி. திங்களன்று திறந்தால் கூண்டுகளில் ஒரே ரகளை. வால் போனது, முதுகு கிழிந்தது, சிலது உயிரோடே இல்லை. இந்த எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற பெண்தான் கடைசியாகப் பூட்டிப் போனவளாம். அவள்தான் கூண்டுகளை மாற்றிக் குழப்பியிருப்பாள் என்கிறார்கள். அவளை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடப்போவதாகப் பேராசிரியர் சொல்கிறார். பாவம், சின்னப் பெண், படியில் உட்கார்ந்து அழுதாள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் போன்ற பெரிய மனுஷனை இதற்கெல்லாம் யார் கேட்பார்கள்?

உன் மாமா,
தலைமைப் பொறுப்பாளர், ஆலோசகர்

ஜூலை 5

அன்புள்ள மாமாவுக்கு,

அரைகுறையாக எழுதியது என் தப்பு. வளர்ந்த ஆண் எலிகளைப் புதிதாகச் சேர்த்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். பால்குடி மறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த உடன்பிறப்புகளைத்தான் சேர்த்து வைக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டேன்.

உங்களை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன் மாமா. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும்.

உங்கள் மருமகள்

ஜூலை 22

டாக்டரம்மாவுக்கு,

நீ வந்த அன்று நான் இல்லாமல் போனதுதான் வருத்தம். திடீரென்று ஒரு பெரிய மீட்டிங், கார் அனுப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உங்கள் வாத்தியார் கூண்டுகளைப் பார்த்து மெச்சினார் என்று கேள்விப்பட்டேன். இங்கே போடக் கொடுக்கிற மேலங்கி உனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்குமே. நன்றாகச் சாப்பிடு.

உன் மாமா,
தலைமைப் பொறுப்பாளர்

ஜூலை 25

அன்புள்ள மாமாவுக்கு,

எலிகளுக்குத் தண்ணீர் வைக்கிற பாட்டில்களைக் கழுவும் அறையில், முகமூடியும் தொப்பியும் போட்ட ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆசிரியர், "பொறுப்பாளர் எங்கேப்பா?" என்று அவரைக் கேட்டார். "மீட்டிங் போயிருக்காருங்க" என்றார் அவர், திரும்பாமலே. கழுவிய பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நீங்கள் எண்ணெய் பாட்டிலைக்கூட அப்படித்தான் பார்ப்பீர்கள்.

பிறகு அந்த ஆராய்ச்சிப் பெண் எங்களுக்குக் கூண்டுகளைச் சுற்றிக் காட்டினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். எலிகளைச் சேர்த்து வைத்த ஆள் தானாகவே பேராசிரியர் அறைக்குப் போய், எல்லோர் எதிரிலும் "நான்தான் செய்தேன்" என்று சொன்னாராம். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம். அதனால் அவரைப் பாட்டில் கழுவப் போட்டுவிட்டார்கள் என்றாள்.

மாமா, இல்லாததையெல்லாம் எழுதினீர்களே, இதை ஏன் எழுதவில்லை?

அது நீங்கள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது மாமா. பக்கத்தில் சிநேகிதிகள் இருந்தார்கள். பொறுப்பாளர் என்று அவர்களிடம் அளந்திருந்தேன். கையுறையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டு உங்களைத் தாண்டிப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை நான் மட்டும் வரட்டுமா?

உங்கள் மருமகள்

ஜூலை 29

அம்மாடி,

நீ குனிந்ததை எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நல்லவேளை, நீ கூப்பிடவில்லை என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இப்போது கூசுகிறது.

வா. வாசலில் இருக்கிற காவலாளியிடம் பொறுப்பாளரைக் கேட்காதே. கேட்டால் வேறு யாரோ வருவார். பாட்டில் கழுவுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று சொல். அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

மாமா