அமுக்கு, பிடி, விடு

மார்ச் 4, செவ்வாய்

சக்களத்தி படுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். என்னைவிட அவளைத்தான் அதிகம் துடைப்பார், அதனால் நான் வைத்த பெயர் அது. இன்று காலை ஷெட்டிலிருந்து எடுக்கப் பார்த்தார். கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவேயில்லை.

"பாத்தியா! காலு இல்ல, கிளட்ச்தான்!" என்று கத்தினார். வண்டி கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

நான் என்னத்தைச் சொல்ல? போன வாரம் நரம்பு டாக்டர் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார். இடது காலில் ஆரம்பித்திருக்கிறது, இனி மற்ற இடத்துக்கும் பரவும், நிறுத்த மருந்து கிடையாது. "நீங்களே பக்குவமா சொல்லிடுங்கம்மா." பக்குவமாம். இதில் என்னய்யா பக்குவம்?

மார்ச் 6, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார். அட்டையை விரித்து அடியில் படுத்துக்கொண்டு எனக்குப் பாடம் வேறு. "மேல பெடல்கிட்ட இருக்கறது மாஸ்டர் சிலிண்டர், எண்ணெயைத் தள்ளும். கீழ இருக்கறது ஸ்லேவ், அதை வாங்கி கிளட்சை நெம்பும். ரெண்டுலயும் ரப்பர் தேஞ்சுபோச்சு. மாத்திட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

தேய்ந்ததை மாற்றிவிட்டால் புதுசு. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

டீ கொண்டுபோகும்போது பார்த்தேன், அவருடைய இடது செருப்பு சமையலறை வாசலிலேயே கிடந்தது. கழன்றதுகூடத் தெரியாமல் ஷெட் வரைக்கும் நடந்து போயிருக்கிறார். எடுத்துப்போய் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 15, சனி

இரண்டு சிலிண்டரும் மாற்றியாயிற்று. இன்று ஏர் எடுக்கிற வேலை. குழாய்க்குள் காற்று இருந்தால் பெடல் குழைந்துபோய்த்தான் இருக்குமாம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் சீட்டில், அவர் அடியில். அவர் "அமுக்கு" என்றால் பெடலை அமுக்க வேண்டும். "பிடி" என்றால் அப்படியே வைத்திருக்க வேண்டும், அவர் திருகைத் திறந்து, அதில் மாட்டிய கண்ணாடி மாதிரி டியூப் வழியாகக் காற்றை வெளியேற்றுவார். மறுபடி முடுக்கிவிட்டு "விடு" என்பார், அப்போதுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

அமுக்கு, பிடி, விடு. அமுக்கு, பிடி, விடு. தொளதொளவென்று இருந்த பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது. என் கால் நல்ல கால், அதற்கே வலித்தது. செருப்பைப் பிடித்து வைக்க முடியாத கால் இதை எப்படி அமுக்கும்? வேலை முடிந்ததும் அவர் வந்து உட்காருவார், அமுக்கிப் பார்ப்பார், அப்புறம்...

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. காலையிலும் அவர் விடு என்பதற்குள் பெடலை விட்டேன், சாயங்காலமும் விட்டேன். "ஒருவேளை புது ஸ்லேவே மட்டமோ?" என்கிறார் பாவம். நான் ஒரு மனுஷியா?

மார்ச் 19, புதன்

ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி, மாற்றிவரச் சொல்லி என்னிடமே கொடுத்தனுப்பினார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு குறையும் இல்லம்மா. காத்து வேற எங்கேயோ பூருது." எங்கேயோவா! கடை வாசலிலேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "நீ சொல்லலைன்னா மட்டும் அவனுக்கு விளங்காதா? எத்தனை நாளைக்கு மூடி மறைப்பே?" என்று திட்டினான். திட்டட்டும். எனக்கு வாய் வரமாட்டேங்குது, நான் என்ன பண்றது?

மார்ச் 23, ஞாயிறு

கடைக்காரர் திருப்பிக் கொடுத்த அதே சிலிண்டரை மாட்டினார். அமுக்கு என்றார், அமுக்கினேன். பிடி என்றார்.

அப்புறம் அடியிலிருந்து, சாதாரணக் குரலில்: "இந்தத் தடவை விடாதே."

பெடலை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீ காலை எடுத்தா டியூப்ல எண்ணெய் பின்னாடி ஓடுது. என் மூக்குக்கு நேரா இருக்கு டியூபு. முதல் நாளே பாத்தேன்."

"அப்புறம் ஏங்க கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவியே."

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். ஐயோ, எட்டு நாளா இந்த மனுஷன் எல்லாம் தெரிஞ்சே அடியில படுத்துக் கிடந்திருக்காரே! ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

"அழுதுக்கோ. காலை மட்டும் எடுத்துடாதே."

எடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் பெடல் கல் மாதிரி நின்றது. அவர் வந்து உட்கார்ந்தார். அமுக்கினார். பாதிகூடப் போகவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பெடல் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டது. "நல்லா பண்ணியிருக்கேன்ல?" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதைச் செய்ய?

பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பக்குவமாகவெல்லாம் இல்லை. மொத்தமாகக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீ ஓட்டு."

"எனக்கு ஆட்டோமேட்டிக் வண்டிதானே தெரியும்! இதுல கியரெல்லாம் எங்க போட?"

"கிளட்ச் தெரியுமில்ல? உன் அளவுக்கு அதை அமுக்கினவங்க யாரு இருக்கா? கியர் நான் போடறேன்."

பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அமுக்கு என்றார், அமுக்கினேன். முதல் கியர் போட்டார். "விடு... மெதுவா, மெதுவா." இரண்டு தரம் வண்டி நின்றுபோனது. "சக்களத்தின்னா இப்படியா பழி வாங்குவே?" என்று சிரித்தார். எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பு! நானும் சிரித்தேன்.

தெருமுனை திரும்பியதும் இரண்டாவது கியர். அமுக்கினேன். கியர் விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். கையைக் கியர் தடியில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார், விரல்கள் வழுக்கி வழுக்கி வந்தன. வண்டியில் ஒரு குறையும் இல்லை.

"பிடி" என்றார்.

பிடித்துக்கொண்டே இருந்தேன்.