கருப்பா நீலமா என்று பார்க்கப் போன சேலை

கடத்தூர்,
புதன்கிழமை.

என் மாமாவுக்கு,

பூவிழி எழுதிக்கொண்டது. இங்கே ஆத்தாவும் நானும் சுகம். நீங்களும் கிணற்றுக்குப் போர் போடுகிற வண்டியில் உங்களோடு இருக்கிற ஆட்களும் சுகமாக இருக்க நம் முனியப்பன் துணை இருக்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் கேஸ் பேச்சை எடுத்தாலே, "வண்டி சத்தமா இருக்குது, அப்புறம் பேசறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது வண்டிச் சத்தம் இல்லை. அப்போதும் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராய்ப்பூர் ஆபீசுக்குப் போட்டால் வண்டி எந்தக் காட்டில் நின்றாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று, உங்கள் வண்டியிலிருந்து லீவில் வந்த ராஜப்பன் அண்ணன் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் படியுங்கள்.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. தக்காளியைப் பாலக்கோடு மண்டிக்கு ஏற்றிவிட்டோம், வண்டி வாடகைக்குத்தான் ஆனது. ஆத்தாவின் முழங்கால் வலி தேவலை.

எனக்கு அங்கன்வாடி வேலை இன்னும் திரும்பி வரவில்லை. என் மேல் கேஸ் போட்ட மறுவாரமே சூப்பர்வைசர் அம்மா வந்து, பிள்ளைகளின் தாய்மார்கள் எதிரிலேயே முட்டை அட்டையை எடுத்து எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. இருந்தாலும், "கேஸு முடியற வரைக்கும் வூட்டுல இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊட்டி வளர்த்த பிள்ளைகள் இப்போது தெருவில் என்னைப் பார்த்து டீச்சர் என்று கூப்பிட்டால், அவர்கள் அம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள். அந்த ஒவ்வொரு கையையும் நான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

கடையில் நடந்ததை உங்கள் தங்கை கலைமணி சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் சொல்கிறேன். அவள் மகள் கவிப்பிரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர்ச் சேலை எடுக்க, கலைமணியும் நானும் தருமபுரியில் புதிதாகத் திறந்த அந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். அவளுக்கு ஒரு பட்டு பிடித்துவிட்டது. அங்கே இருக்கிற லைட்டில் அது நீலமா கருப்பா என்று தெரியவில்லை. சீர்த் தட்டில் கருப்பு வைத்தால் அவள் மாமியார் வீட்டில் சும்மா விடுவார்களா? "அண்ணி, வாசல்ல கொண்டுபோயி வெளிச்சத்துல பாத்துட்டு வாங்க" என்றாள். கடத்தூர்க் கடையில் காலகாலமாக நாம் செய்வதுதானே. கடைக்காரரே சேலையை எடுத்து வந்து படியில் நின்று விரித்துக் காட்டுவார்.

இந்தக் கடையில் வாசல் கதவு கருப்புக் கண்ணாடி. வெயில் அதற்கு அப்பால்தான் இருந்தது. நான் சேலையைப் பையில் வைக்கவில்லை, முந்தானைக்குள் மறைக்கவில்லை. இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வெளியே வைத்தேன். பில் போடாமல் வெளியே போனால் கத்துகிற மெஷின் கத்தியது. வாட்ச்மேன் என் கையைப் பிடித்தான்.

மேனேஜர் மாதவராஜ் வந்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, போலீசுக்குப் போன் போட்டார். நான் கலைமணியைத் தேடினேன், காணவில்லை. பாத்ரூம் போயிருப்பாள், வந்து சொல்லுவாள் என்று ஸ்டேஷனில் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நான் கதவைத் தாண்டுகிற துண்டை மட்டும் வெட்டி, 'சேலை திருடும் பெண், ஜாக்கிரதை' என்று எழுதி எல்லோருடைய வாட்ஸாப்புக்கும் அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கும் வந்தது. அன்றைக்குப் போனில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "ஏம்புள்ள எடுத்த?" என்பது. போலீஸ்காரரும் அதையேதான் கேட்டார். அவருக்கு என்னைத் தெரியாது.

போன வாய்தாவில் நடந்ததை நீங்கள் கேட்கவேயில்லை. வக்கீல் அமுதவல்லி அம்மா மனுப் போட்டு, கடை காமிராவின் முழுப் படத்தையும் வாங்கிவிட்டார். மாதவராஜைக் கூண்டில் ஏற்றி, "இவங்க சேலையை ஒளிச்சாங்களா, விரிச்சாங்களா?" என்று கேட்டார். அவர் தண்ணீர் கேட்டார். மறுபடியும் கேட்டார் வக்கீலம்மா. "விரிச்சாங்க" என்றார் மாதவராஜ். கழுத்தெல்லாம் வேர்வை. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது, மாமா. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருந்தது. கலைமணி வாசலைக் கை காட்டுகிறாள். நான் போகிறேன். மெஷின் கத்துகிறது. அவள் என்னை ஒரு தடவை பார்க்கிறாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு லிப்டுப் பக்கம் போய்விடுகிறாள். பாத்ரூமுக்குப் போகவில்லை. அவள் மேல் வீண்பழி போடுகிறேன் என்று சொன்னீர்களே, அந்தப் படம் கோர்ட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள். ஆத்தாவிடம் சொன்னேன். கலைமணி தான் பெற்ற மகள் என்றும் பார்க்காமல், "அவ சொல்லாம நீ எதுக்கு வாசலுக்குப் போற" என்றார். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது அது.

படத்தில் பேச்சுக் கேட்காது. அவள் கை காட்டியது எதற்கு என்று அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். அவள் வந்து சொன்னால் கேஸ் நிற்காது என்கிறார் வக்கீலம்மா. அவளோ, கோர்ட்டுப் படி ஏறினால் மாமியார் ஊரான கம்பைநல்லூரில் தலை காட்ட முடியாதாம்.

இப்போது கடைக்காரர்கள் பயந்துபோய், சமாதானமாக ராஜி பேசி முடிக்க ஆள் விடுகிறார்கள். தெரியாமல் எடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் தடவை என்பதால் ஒத்துக்கொண்டால் கோர்ட்டே நன்னடத்தை என்று விட்டுவிடும் என்று நீங்களும் ராஜப்பன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினீர்கள். விட்டுவிடுவார்கள், சரி. எடுத்தவள் என்று எழுதித்தானே விடுவார்கள்? அங்கன்வாடிச் சாவி பிறகு என் கைக்கு வருமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன். தீர்ப்பு வரட்டும், அந்த மாதவராஜ் மேல் மானநஷ்ட வழக்குப் போடுகிறேன். என்னைப் படம் போட்ட அதே வாட்ஸாப்பில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என் கேஸால் தள்ளிப்போன விழாவுக்கு வருகிற மாதம் நாள் குறித்துவிட்டார்கள். கலைமணி ஆத்தாவுக்குப் போன் போட்டு, "அண்ணன் மட்டும் சீரோட வந்தா போதும். கேஸுல இருக்கற கையால பொண்ணுக்குச் சேலை கட்ட வேணாம்" என்றாளாம். நான் ஸ்டேஷனில் உட்கார்ந்தது அவள் மகளின் சீருக்காக.

விழா ஞாயிற்றுக்கிழமை. வாய்தா அதற்கு முந்தின வியாழன். நீங்கள் லீவை முன்னாலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வாருங்கள். அவள் உண்மையைச் சொன்னால், சீர்த் தட்டை நானே தலையில் சுமந்து கம்பைநல்லூர் வருவேன். அவள் வராவிட்டால் வக்கீலம்மா சாட்சி சம்மனுக்கு மனுப் போடுவார். பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது போலீஸ்காரர் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பாரா என்று கேட்டேன். வக்கீலம்மா சிரித்துவிட்டு, அதெல்லாம் நம் கையில் இல்லை என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்படி நடந்தால் பந்தல் எதிரில் நின்று பார்ப்பேன்.

கவிப்பிரியா நன்றாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சேலை நீலம்தான், மாமா. வாட்ச்மேன் கையைப் பிடிப்பதற்குள் வெயிலில் பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், "எடுத்தியா புள்ள?" என்று என்னை ஒரு தடவை கேளுங்கள். ஏன் எடுத்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எடுத்தாயா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்
பூவிழி