கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை டீக்கு ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்தேன். அந்தச் சத்தத்துக்கே கொல்லையில் கிடந்த ராக்கி ஓடிவந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்து அல்ல, வாசல் கம்பிக் கதவைப் பார்த்து. நீங்கள் இல்லாமல் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதை நாய்க்கு யார் சொல்வது?

அது குட்டியாக வந்த புதிதில், சாயங்காலம் டீ குடிக்க வந்த உங்கள் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டது நினைவிருக்கிறதா? "தொழுகைக்கு உடுத்துன துணி ஆத்தா, நாயி பட்டா ஆகாது" என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போனீர்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பக்கத்து வீடுதானே, சுவருக்கு மேல் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் உங்களோடு உட்கார்ந்து குடிக்காத டீ எனக்கு டீயாகவே இல்லை. நாயை மயிலாடும்பாறைக்குத் தம்பி தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். நீங்கள்தான் விடவில்லை.

"எனக்காக ஒரு சீவன் வீடு மாறணுமாக்கும்? ரெண்டு பயலுகள வளத்துட்டேன், இத வளக்க முடியாதா?"

மறுநாளே கதவுக்கு வெளியே நின்று பாடத்தை ஆரம்பித்துவிட்டீர்கள். அது குதித்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வீர்கள். உட்கார்ந்தால் அந்த நொடியே கம்பி வழியாக ஒரு துண்டு ரஸ்க் வந்து விழும். தெருவில் குமுளிக்குப் போகிற ஜீப் எது போனாலும் குரைக்கிற நாய், உங்களைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தது. "நாய் வால நிமித்த முடியுமாக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். "வாலு எதுக்குப்பா நிமிரணும்? குண்டி தரையில பட்டாப் போதும்" என்றீர்கள்.

ராக்கியைவிட மோசமான மாணவி நான்தான். உக்காரு, உக்காரு, உக்காருடா என்று கத்திக்கொண்டே இருப்பேன். "ஏத்தா, பத்து தடவ சொன்னா பத்தாவதுக்குத்தேன் கேக்கும். ஒருக்கா சொல்லு. சொல்லிட்டுச் சும்மா நில்லு" என்பீர்கள். நாய் என்ன, இப்போது வீட்டில் யாரிடமும் எதையும் நான் அப்படித்தான் சொல்கிறேன். பாதி நேரம் நடக்கவும் செய்கிறது.

ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே வந்தீர்கள். ராக்கி உட்கார்ந்தபடியே வாலால் தரையைப் பெருக்கியது. சேலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "டீயப் போடுத்தா" என்றீர்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் படுக்கையில் விழும்வரை ஒரு சாயங்காலம்கூடத் தவறவில்லை.

போன வாரம் உங்கள் மருமகள் வந்தாள். ராக்கி தானாக உட்கார்ந்து வழிவிட்டதைப் பார்த்து அசந்துபோனாள்.

"யாரு சித்தி இப்பிடிப் பழக்குனது?"

"ஒங்க மாமிதேன்."

"மாமியா? நாயக் கண்டா அவுக தெரு மாறிப் போவாகளே! சின்னப் புள்ளயில கடிச்ச தழும்பு கெண்டக்கால்ல இருந்துச்சே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது அக்கா. துணிக்காக மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று சேலையை அப்படி இறுக்கிப் பிடித்தது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. தினமும் பயந்துகொண்டா அங்கே நின்றீர்கள்? எதையும் ஒருக்கா சொல்லச் சொன்ன மனுஷி, இதை மட்டும் ஒருக்காகூடச் சொல்லவில்லையே.

காலையில் டீ டம்ளரை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே போய் நீங்கள் நின்ற இடத்தில் நின்றேன். கம்பி வழியாக ரஸ்க்கைப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் ராக்கி பெரிய நாயாகத்தான் தெரிகிறது, அக்கா.