பின்சக்கரம் சுற்றாத குளிர்காலம்

நவம்பர் 18

இரண்டு நாள் கழித்து கார் கைக்கு வந்தது. கட்சுஹேய் தன் பட்டறையில் வைத்து முன்விளக்கு இரண்டையும் மாற்றியிருக்கிறார். என் ஐம்பதாவது பிறந்தநாளுக்காம். சாவியைக் கொடுத்து, "போட்டுப் பாரு" என்றார். பட்டறைச் சுவர் வெளுத்துப்போனது. "எல்இடி. பழைய பல்பு மாதிரி மஞ்சளா அழுது வடியாது." கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் என் கணவர் தானாக யோசித்துத் தந்த மூன்றாவது பரிசு இது. எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

டிசம்பர் 9

முதல் பனி. மலைமேல் இருக்கும் நெமுசவா கிராமத்துக்குப் போகும் நாள். தமேஜி தாத்தாவுக்கு சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது. வாரம் இருமுறை போய் அதைக் கழுவுவதும், அடைத்தால் மாற்றுவதும் நர்ஸ் வேலையில் என் பங்கு.

வழியில் முன்விளக்குகளில் பனி அப்பிக்கொண்டது. பழைய பல்பு சூடாகும். பனி தானே உருகி வடியும். இது சூடாவதே இல்லை. இரண்டு இடத்தில் இறங்கிக் கையுறையால் வழித்தேன். கட்சுஹேயிடம் சொன்னால், "அது அப்படித்தான். துடைச்சுக்கோ" என்கிறார்.

ஏற்றத்துக்கு முன் கியர் கம்பியிலிருக்கும் பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. இனி நான்கு சக்கரமும் இழுக்கும். பயமில்லாமல் ஏறினேன். கணுக்கால் அளவுகூடப் பனி இல்லைதான்.

டிசம்பர் 23

நனைந்த காலணியை அடுப்பருகே வைத்துவிட்டு எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு தமேஜி தாத்தாவின் மகள் ஹிசனோ போன் செய்தாள். "குழாய் அடைச்சுக்கிச்சு நர்ஸம்மா. அப்பா வலியில கத்துறாரு." முழங்கால் அளவு பனி. பொத்தானை அமுக்கினேன், பச்சை எரிந்தது, ஏறினேன். கோயில் வளைவில் வண்டி நின்று, பின்னால் வழுக்கி, ஒரு பக்கம் பள்ளத்துத் தடுப்பில் போய்ச் சாய்ந்தது. தடுப்பு இல்லையென்றால் கீழே ஆறு. மிதிக்க மிதிக்க முன்சக்கரம் மட்டும் சுற்றியது.

பனி தள்ளும் வண்டிக்காரர் வந்தார். "இன்னொரு தடவ மிதிங்கக்கா" என்று பின்னால் நின்று பார்த்தார். பிறகு மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா, பின்சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஷாஃப்டே இல்லையே இதுல."

"பச்சை விளக்கு எரியுதே?"

"எரியுது. அதான் எனக்கும் புரியல."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒன்றேமுக்கால் மணி நேரம். தாத்தாவின் வயிறு கல்லாக வீங்கியிருந்தது. குழாயை மாற்றியதும் அவர் அழுதார். உடம்பு கொதித்தது. ஆம்புலன்ஸ் வரவழைத்தோம். ஹிசனோ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "மெக்கானிக் பொண்டாட்டி வண்டியே ஏறலன்னா, மத்தவங்க வண்டி எங்க ஏறும்" என்றாள்.

டிசம்பர் 24

சாப்பிடும்போது கட்சுஹேயிடம் ஷாஃப்டைப் பற்றிக் கேட்டேன். மிசோ சூப்பைக் கீழே வைத்தார்.

"மதுக்கடை நிவாவுக்கு அவசரம். அவருக்கும் இதே மாடல் வண்டி. கடைக்குச் சரக்கு ஏத்தணும். பழைய வண்டி, புது ஷாஃப்ட் எங்கயும் கிடைக்கல. உன்னோடதை மாட்டிக் குடுத்தேன். பனி விழுறதுக்குள்ள உனக்கு வேற தேடிடலாம்னு நெனச்சேன்."

"எப்போ?"

கேட்டு முடிக்குமுன்பே எனக்கே தெரிந்துவிட்டது. விளக்கு மாற்றுகிறேன் என்று வண்டியை வைத்திருந்த அந்த இரண்டு நாள்.

"அப்போ பச்சை விளக்கு?"

"ஷாஃப்ட் இல்லாததால, பின்சக்கரத்துக்கு இழுவை தர்ற பல்சக்கரத்தைச் சேரவிடாம அடைச்சு வெச்சேன். அது சேர்ந்தாத்தான் விளக்கு எரியும். எரியலன்னா நீ கேப்ப. அதான் பொத்தான்லேர்ந்து நேரா ஒரு ஒயர் இழுத்துட்டேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. சறுக்கிடுச்சுன்னு சொல்லு. பட்டறை பேரு கெட்டுடும்."

டிசம்பர் 25

ஷாஃப்டைக் கழற்றியதை அலட்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். மறதி என்றுகூட. ஆனால் அந்த ஒயர்? உட்கார்ந்து, அளந்து வெட்டி, டேப் சுற்றி— இவள் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதானே சுற்றியிருப்பார்?

ஜனவரி 7

அலுவலக அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாத்தா பிழைத்துக்கொண்டார், வீடு திரும்பிவிட்டார். நெமுசவாவுக்கு இனி வேறு நர்ஸ். ஹிசனோ கேட்டுக்கொண்டாளாம். மேலாளர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

வீட்டில் சொன்னேன். "நல்லதாப் போச்சு, அந்த ஏத்தம் உனக்கு வேண்டாம்" என்கிறார். நல்லதாப் போச்சாம்.

ஜனவரி 29

பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன். நிவாவின் வெள்ளை வண்டி மதுப்பெட்டிகளோடு பனியில் ஏறி வருகிறது. நான்கு சக்கரமும் கடித்துக்கொண்டு, ஒரு தடவைகூட வழுக்காமல். நிவா கண்ணாடியை இறக்கி, "உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர், அந்த ஷாஃப்டை எங்கேர்ந்துதான் பிடிச்சாரோ" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. "ஆமாம், கெட்டிக்காரர்" என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த பெண் மிட்டாய் ஒன்று தந்தாள்.

ஜனவரி 30

அலுவலகத்தில் அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். நடந்ததை முழுக்க எழுதினேன், ஒயர் உட்பட. எங்கள் ஊரில் இது பரவ ஒரு நாள் போதும் என்று தெரிந்துதான் எழுதினேன். மேலாளர் இரண்டு முறை படித்தார். "வீட்ல பரவாயில்லையா இட்சுகோ?" என்றார். பரவாயில்லை என்றேன். பொய்.

பிப்ரவரி 2

நான் எழுதியது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கட்சுஹேய் தன் சோற்றைப் பட்டறைக்கே எடுத்துப்போய்ச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 11

ஹிசனோ வந்தாள், ஒரு பை முள்ளங்கி ஊறுகாயோடு. வாசலிலேயே நின்று குனிந்து வணங்கினாள். "அன்னிக்கு நான் பேசினது…" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. கட்சுஹேய் கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் நீங்களே வாங்க என்றாள்.

பிப்ரவரி 13

மாலை கட்சுஹேய் பழைய வண்டிகள் உடைக்கும் இடத்திலிருந்து ஒரு ஷாஃப்ட் கொண்டுவந்தார். கையெல்லாம் துரு. "நானே மாட்டித் தரேன்" என்றார்.

"வேண்டாம். அதை வண்டியில ஏத்தி மட்டும் விடுங்க."

பக்கத்து ஊரில் ஷிந்தோ என்ற பெண் பட்டறை வைத்திருக்கிறாள். அவளிடம் கொடுத்தேன். மாட்டும்போது நானும் அட்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த ஒயரை அவள் உருவி எடுத்தாள். ஒரு முழம்கூட இல்லை.

ஏப்ரல் 16

காருக்கு அரசாங்கப் பரிசோதனை. ஷிந்தோ முடித்துக்கொடுத்தாள். பரிசோதித்த பட்டறையின் பெயரோடு கண்ணாடியில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ரோட்டில் போகிற யாரும் படிக்கலாம்.

சாயங்காலம் கட்சுஹேய் வாசலில் நின்று அதைப் படித்தார். முதுகைத்தான் பார்த்தேன். உள்ளே வந்து, "நல்லாப் பாக்குறாளா?" என்றார்.

"பாக்குறா. என்னையும் பாக்க விடறா."

தலையசைத்துவிட்டு அரிசி களையப் போனார். இன்று அவர் முறை. நான் மாடி அறையில் படுக்கை விரித்தேன். பிப்ரவரியிலிருந்து அங்கேதான்.