பாக்யராஜ் மாமாவின் குரல்

பாகூர்
12.6.2024

அன்புள்ள ஜோஸ்பின்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் என் மகள் வெயினி கேட்டுவிட்டு அப்படியே தெருவுக்கெல்லாம் சொல்லுவாள். 'மனச்சிதைவு' என்ற சொல்லை அவள் வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால் கடிதம்.

அவளுடைய ஆட்டிசத்தோடு வாழ நாங்கள் பழகிவிட்டோம். போன வாரம் உன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், இரண்டாவது நோயும் கோப்பில் ஏறிவிட்டது. 'ஆண் குரல் கேட்கிறது, சாவைப் பற்றியே பேசுகிறாள்' என்று எழுதியிருக்கிறாய்.

உன்னைப் பார்த்து அவள், "டாக்டர் ஜோஸ்பின் அவர்கள் காலமாகிவிட்டார். நல்லடக்கம் மாலை நான்கு மணிக்கு" என்றது உண்மை. யார் சொன்னது என்று கேட்டாய். "பாக்யராஜ் மாமா" என்றாள். எங்கே இருக்கிறார் என்றாய். "தெருவுல. நெறய சொல்லுவாரு" என்றாள்.

பாக்யராஜ் எங்கள் ஊர் ஆட்டோக்காரர். யாராவது இறந்தால் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அறிவிப்பவர். வெயினி தனக்குப் பிடித்தவர்களையெல்லாம் அந்தக் குரலில் அறிவிப்பாள். என்னையும் அவள் அப்பாவையும் எத்தனை முறை அடக்கம் செய்துவிட்டாள்!

வில்லியனூர் பயிற்சி மையத்தில் இடம் தருவதாக இருந்தார்கள். உன் சான்றிதழில் அந்த வரியைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். அதை எடுத்துவிடு. நீ எழுதிய மாத்திரையை நான் வாங்கவில்லை.

செல்வகுமாரி

புதுச்சேரி
19.6.2024

அன்புள்ள செல்வி,

கல்லூரி விடுதியில் நான் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்பாய். இன்னும் அப்படியேதான் இருக்கிறாய். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய், பாக்யராஜைப் பற்றி அன்றே ஏன் வாய் திறக்கவில்லை?

தனியாகச் சிரிக்கிறாள், சரியாகத் தூங்குவதில்லை என்று நீதான் சொன்னாய். ஆட்டிசம் இருந்தால் வேறு நோய் வராது என்று எந்தப் புத்தகத்தில் படித்தாய்? அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வரியை அழித்தால் நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கு. பார்ப்போம்.

ஜோஸ்பின்

பாகூர்
24.6.2024

ஜோஸ்பின்,

வாய் திறந்தேன். "அம்மா, கொஞ்சம் அவளைப் பேச விடுங்க" என்று அடக்கினாய். இத்தனை வருடப் பழக்கத்தில் நீ எனக்குப் போட்ட முதல் 'ங்க'.

அவள் தூங்காத அந்த வாரம் பக்கத்துக் கோயிலில் திருவிழா, ஒலிபெருக்கி. தெருவில் யாருமே தூங்கவில்லை. எல்லோருக்கும் மாத்திரை எழுதுவாயா?

வேறு நோய் வராது என்று நான் சொல்லவில்லை. வந்தால் உன்னிடம்தான் ஓடி வந்திருப்பேன். ஒரே ஒரு முறை பாகூர் வந்து எங்கள் தெருவில் நின்று கேள். அதற்குப் பிறகும் அந்த வரி வேண்டுமென்றால் இருக்கட்டும்.

செல்வகுமாரி

புதுச்சேரி
8.7.2024

செல்வி,

சர்ச்சில் பூசை முடிந்து இரண்டு ஞாயிறு பாகூர் வந்தேன். ரோஷத்தில் உன் வீட்டுக்கு வராமல் தெருமுனை டீக்கடையில் நின்றேன். முதல் ஞாயிறு டீ மட்டும்தான் கிடைத்தது. நேற்று ஒரு சாவு. ஆட்டோ வந்தது. அதே இழுவை, அதே "அவர்கள்".

கடைக்காரர் உலகநாதனிடம் வெயினியைப் பற்றிக் கேட்டேன். "இன்னாம்மா, நம்ம செல்வி டீச்சர் பொண்ணா? நேத்து என்னியே அடக்கம் பண்ணிட்டுப் பூட்ச்சி. நாலு மணிக்கு எடுத்துருவாங்களாம். அதுக்குள்ள டீயக் குடிச்சிரு" என்றார்.

அந்த வரி இல்லாத புதிய சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்காமல் எழுதியது தவறு. ஆனாலும் அவள் தூக்கத்தைக் கவனி. அடுத்த மாதம் அழைத்து வா.

ஜோஸ்பின்

பாகூர்
15.7.2024

ஜோஸ்,

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த திங்கள் முதல் போகிறாள்.

அடுத்த மாதம் அழைத்து வரமாட்டேன். வேறு டாக்டரைப் பார்த்திருக்கிறேன். அவரோடு நான் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், எனக்கு நஷ்டமில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் டீக்கடையில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வா. சங்கரா மீன் வாங்கி வைக்கிறேன். வெயினியும் இருப்பாள். அவளிடம் கேள்வி மட்டும் கேட்காதே.

செல்வி