மரத்துப்போன விரல்கள்

கார்த்திகை, வெள்ளி இரவு. மாரமங்கலம்.

காலையில் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்க வெறுங்கையால் பிடித்தேன். கருகல் வாடை வந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காப்பிக் கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்து கையை இழுத்துவிட்டார்.

"ஏம்புள்ள, கை வேகுது. தெரியலையா?"

தெரியவில்லை. விரலெல்லாம் கொப்புளம், துளி வலி இல்லை.

மார்புப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதிலிருந்து விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. சேலம் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அந்த மருந்தாலதானுங்க. ஆப்ரேசன் பண்ணுன பக்கத்துக் கை புண்ணானா வீங்கிப்போகுமுங்க, நாளைக்கே வந்து காட்டுங்க. மனசு எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க" என்று வைத்துவிட்டேன்.

நல்லா இல்லை. மார்பில் வந்த அந்தக் கட்டியும் வலிக்கவே இல்லை. குளிக்கும்போது இந்த விரல்களில்தான் தட்டுப்பட்டது. இனி ஒன்று வந்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? பகலெல்லாம் இதே நினைப்பு.

சாயங்காலம் அவர் கொப்புளத்துக்கு மருந்து தடவினார். விரலைப் பிடித்து, "இப்பத் தெரியுதா?" என்றார்.

"இல்லீங்க."

மணிக்கட்டுக்கு மேலே பிடித்தபோதுதான் தெரிந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கையை எடுக்கவில்லை. நர்ஸம்மாவிடம் பொய் சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடு, நானும் கூட வர்றேன்" என்றார்.

அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. சற்று முன் மற்ற மார்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. அங்கே ஒன்றும் இல்லையா, விரலுக்குத் தெரியவில்லையா?